மூன்றில் இரண்டு

மூக்கையூர், மண்டபம், தொண்டி.
மூன்று ஐஸ் கம்பெனிப் பின்னறைகளில்
மூன்று பெட்டிகள்.
எந்தப் படகு எப்போது போனது, எங்கே ஏறியது
மூன்றிலும் எழுதியாக வேண்டும்.

போன வருஷம் வரை
மூன்றும் சரி சொன்னால்தான் டோக்கன்.
என் காலடியில் தொண்டிப் பெட்டி,
உள்ளே உப்பு பூத்த விசிறி.
அது யோசித்து முடிப்பதற்குள்
டீசல் கேனோடு நிற்பவர்கள்
என் குடும்பத்தையே விசாரித்துவிடுவார்கள்.

மாற்றி எழுதினேன்:
இரண்டு தலையாட்டினால் போதும்,
மூன்றாவது பிறகு படித்துக்கொள்ளட்டும்.
கேட்கும்போதும் இரண்டைக் கேள்.
எந்த இரண்டைக் கேட்டாலும்
ஒன்றுக்காவது தெரிந்திருக்கும்.

கச்சான் அடித்த ராத்திரி
மூக்கையூரில் கம்பம் சாய்ந்தது.
ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ரொசிட்டா:
"ஸ்டெல்லா எங்கே?"
தொண்டி சொன்னது: கடலில்.
மண்டபம் சொன்னது: கரையில், இரண்டு பத்துக்கு.
புதியது எதுவோ அதுதான் உண்மை என்று
நான்தான் எழுதினேன்.
அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

போன் போட்டேன்.
டார்ச்சோடு ஜெட்டிக்கு நடந்தான் நம்புராஜன்.
காற்றுக்குள் அவன் மூச்சு,
பலகையில் செருப்புச் சத்தம்,
பிறகு, "கெடக்கு. ஆளுக டீ குடிக்கிறாக."

தொண்டிப் பெட்டி
விடிந்தபிறகு அதைப் படித்தது.