மேட்டின் மேல் புல்வெட்டி

கெட்டில் ஹில் விமானத் தளத்துக்குக் கோபுரம் கிடையாது.
ஒரு தகரக் கொட்டகை. ஒரு காற்றுப்பை.
அட்டையைச் சொருகினால் பெட்ரோல் தரும் பம்பு.
வாரம் இருமுறை புல்வெட்ட வரும் டார்லீன் கோசுக்.

இறங்க வருகிறவர்கள்
இருக்கிறாரா என்றே தெரியாத ஒருவரிடம்
சொல்லிக்கொண்டு வர வேண்டும்:
"கெட்டில் ஹில் வானத்தில் இருப்பவர்களே,
நான் கிழக்கே ஐந்து மைலில்."
முழுக்க விளி வேற்றுமை.
பெரும்பாலும் பதில் வராது.
மௌனம் சம்மதமென்று
கல்யாணப் பேச்சில் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

ஓடுதளத்தின் நடுவில் ஒரு மேடு.
பெரிதில்லை, ஒன்பதடி.
இந்த முனையில் இறங்குகிறவருக்கு
அந்த முனை இல்லை.

ஜூலை. சஸ்காட்சுவான் முழுக்கக் கனோலா பூத்திருந்தது.
மஞ்சளுக்கு மேல் மஞ்சளாக
மருந்தடித்துவிட்டு மேற்கிலிருந்து வந்தான் வேட் ஆர்னசன்.
கிழக்கிலிருந்து, சாயும் வெயில் கண்ணில் குத்த,
கால்நடை மருத்துவர் ஃபீல்டிங்.
பின்னிருக்கையில் தடுப்பூசிப் பெட்டி, ஐஸ்.
காற்றுப்பை துவண்டு தொங்கியது,
எந்தப் பக்கம் வந்தாலும் சரி என்பதுபோல.

ஏப்ரலில் அலைவரிசையை மாற்றியிருந்தார்கள்.
அறிவிப்பு கொட்டகையில்தான் இருந்தது,
திறந்தே கிடக்கும் கதவின் பின்புறம்.
வேட் பழைய எண்ணில் சொன்னான்.
ஃபீல்டிங் புதிய எண்ணில் சொன்னார்.
இருவருக்கும் வானம் காலியாக இருந்தது.

டார்லீனிடம் ஒரு ஸ்கேனர்,
யாரோ வீடு மாறும்போது எட்டு டாலருக்கு விற்றது,
மேலே பாதி உரிந்த ஹாக்கி ஸ்டிக்கர்.
எண் விட்டு எண் தாவிக்கொண்டே இருக்கும்.
காது உண்டு அதற்கு. வாய் கிடையாது.

"இறுதிக் கட்டம், கிழக்கு நோக்கி," என்றது.
தாவியது.
"இறுதிக் கட்டம், மேற்கு நோக்கி," என்றது.

அவள் யோசித்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான்.
புல்வெட்டியின் உச்ச வேகம் மணிக்குப் பதினொன்று.
வெட்டுத்தகட்டை நிறுத்தக்கூட மறந்து
தாரின் மேல் கறகறவென்று ஏறி
மேட்டின் உச்சியில் நின்றாள்,
இரண்டு முனைக்கும் தெரிகிற ஒரே இடத்தில்.

இரண்டு மூக்குகளும் ஒன்றாய் நிமிர்ந்தன.
எதிரே வந்தால் வலப்பக்கம் விலகு என்பது விதி.
எதிரே வருவது புல்வெட்டி என்று நினைத்து
இருவரும் வலப்பக்கம் விலகினார்கள்.
அவள் தலைக்கு மேல் ஒரே நொடியில் இரண்டு வயிறுகள்.
ஒன்றில் எண்ணெய்க் கசிவு.

ஸ்கேனர் தாவித் தாவி
இருவரின் வசவையும் ஒரே வாக்கியமாகத் தைத்தது:
"எந்த முட்டாள்... நடு ஓடுதளத்தில்...
பார்வை இருக்கிறதா... உனக்கு..."

பிறகு இறங்கினார்கள், ஒருவர் பின் ஒருவராக.
காபி இயந்திரத்தின் முன் நின்று
புல்வெட்டியைத் திட்டியதில் சிநேகமானார்கள்.
எந்த முனையிலிருந்து வந்தீர்கள் என்று
இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் நகராட்சியிலிருந்து கடிதம்.
அனுமதியின்றி ஓடுதளத்தில் நுழைந்தது, முதல் எச்சரிக்கை.
'காரணம்' என்பதற்கு ஒரு விரல் அகலம் விட்டிருந்தார்கள்.
"இரண்டு பேர்" என்று எழுதிக் கையொப்பமிட்டாள்.
எழுத்தர் அதைப் படித்து,
புல்வெட்டியில் இரண்டு பேர் போவதும் தவறுதான்
என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அன்றே அறிவிப்பைக் கதவிலிருந்து பிரித்து
சர்க்கரை டப்பாவுக்கு மேலே ஒட்டினாள்.

வியாழக்கிழமை வேட் காபி கலக்கிக்கொண்டிருந்தான்.
கரண்டி சுற்றிச் சுற்றி வந்து
நின்றது.
எண்ணைப் படித்தான். தேதியைப் படித்தான்.
ஜன்னல் வழியே மேட்டைப் பார்த்தான்.

வெளியே டார்லீன்
விளக்குக் கம்பங்களைச் சுற்றிப் புல் வெட்டிக்கொண்டிருந்தாள்,
இந்தப் பக்கம் திரும்பாமல்.