காரணம் என்றொரு கட்டம்

விக்ஸ்பர்க், மிசிசிப்பிக் கரை.
பஞ்சுக் கிடங்கொன்றை அலுவலகம் என்றார்கள்.
கூரையில் பீரங்கி போட்ட ஓட்டை;
மழை வந்தால் மேசையை நகர்த்துவேன்,
வெயில் வந்தாலும் நகர்த்துவேன்.
கிழக்கே போர் இன்னும் ஓயவில்லை.
ஒரு கால் போன சிப்பாய்க்கு
உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள்:
விடுதலையான அடிமைகளின்
கல்யாணங்களைப் பதிவது.

பேரேடு வடக்கில் அச்சாகி வந்தது.
பெயர். வயது. நிறம்.
தாயின் நிறம். தகப்பனின் நிறம்.
முன்பு யாரோடு வாழ்ந்தாய், எத்தனை ஆண்டு.
பிரிந்ததற்குக் காரணம்:
அதற்கு ஒரு கட்டம்,
என் கட்டைவிரல் அகலம்.

முதல் நாள் இருபத்திரண்டு ஜோடிகள்.
சிலர் தங்கள் கல்யாணத்துக்குப்
பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தார்கள்.
காரணம்? என்பேன், தலை தூக்காமல்.
விற்றுவிட்டார்கள்.
விற்றுவிட்டார்கள்.
காய்ச்சலில் போய்விட்டாள்.
விற்றுவிட்டார்கள்.

என் அப்பாவுக்கு வெர்மான்டில் கடை.
பதினொரு வயதில் அவருடைய கணக்கேட்டில்
'விற்பனை' என்று அழகாக எழுதப் பழகினேன்.
கரும்புப்பாகு இரண்டு படி, விற்பனை.
நீலத்துணி ஆறு கஜம், விற்பனை.
அதே சாய்வு, கடைசியில் அதே சுழி.
துணி யார் பறித்த பஞ்சு என்று
அந்தக் கையெழுத்து கேட்டதே இல்லை.

பிற்பகலில் டார்கஸ் வந்தாள்.
வயது கேட்டேன்.
"பெரிய வெள்ளத்தில் நான் கைக்குழந்தை" என்றாள்.
எந்த வெள்ளம்? அவளுக்கும் தெரியாது.
முப்பத்தெட்டு என்று போட்டேன்.
பக்கத்தில் ஆப்சலம், லாயத்தில் வேலை,
தொப்பியை மார்போடு அணைத்தபடி.
ஒரு காதில் மடல் இல்லை.
ஏன் என்று கேட்கவில்லை,
அதற்குக் கட்டம் இல்லை.

முன்பு யாரோடு?
"பிரைமஸ். ஆறு வருஷம்."
பிரிந்ததற்குக் காரணம்?

பேனா முனையில் மை திரண்டு நின்றது.

"பிரியவில்லையே ஐயா.
சங்கிலியில் பதினான்காவது ஆளாகக் கோத்து
டெக்சஸ் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள்.
பிரிவதென்றால் நாங்கள் அல்லவா
பிரிந்திருக்க வேண்டும்?
அவர் பெயரையும் எழுதுங்கள்,
இவர் பெயருக்குப் பக்கத்தில்."

சட்டப்படி ஒருவன்தான் கணவன் என்றேன்.

"சட்டம் நேற்றுத்தானே ஐயா வந்தது."

வரிசை முணுமுணுத்தது.
ஆப்சலமைப் பார்த்தேன்;
ஆண்பிள்ளை, சீறுவான் என்று நினைத்தேன்.
அவன் தொப்பியை ஒரு சுற்று சுற்றினான்.
"எழுதுங்கள்.
எட்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறார்.
மூத்தவனுக்கு அவர் மூக்கு.
எனக்கும் ஒருத்தி இருந்தாள், லெட்டி.
ஜார்ஜியாவோ எங்கேயோ,
அவள் பக்கத்தில் எவனாவது இப்படி நின்று
என் பெயரை எழுதச் சொல்லமாட்டானா?"

கட்டம் போதவில்லை.
'விற்பனை' என்று தொடங்கிய கையை
வி-யிலேயே நிறுத்தி அடித்துவிட்டு,
பக்கத்தின் ஓரத்தில், தலைகீழாகச் சரிந்து,
பிரைமஸ் என்றும் லெட்டி என்றும் எழுதினேன்.
அவளுக்கு வாசிக்கத் தெரியாது.
ஆனாலும் ஈரம் காயும்வரை
குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாதக் கடைசியில் கேப்டன் புரட்டினார்.
ஓரத்தில் ஏனப்பா எழுதினாய்?
பைண்டர் தைக்கும்போது
எல்லாம் உள்ளே போய்விடுமே,
ஒரு கண்ணுக்கும் தெரியாதே.
ஆமாம் சார் என்றேன்.
வேறு பதில் அன்று வரவில்லை.

இந்தக் கரையில் விளைந்த பஞ்சுதான்
எங்கோ நூலாகி
அந்த இரண்டு பெயரையும் துளைத்துப் போயிருக்கும்.
ஏட்டை யாராவது வலிந்து விரித்தால்,
முதுகு முறிகிற சத்தத்துக்குச் சற்று முன்,
தையலுக்கு வெளியே
இரண்டு எழுத்தின் வால் தெரியலாம்.

அப்பாவின் கடையில் பழகிய
அதே சுழி.