வாய்வழி

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் மட்டையில்
‘வாய்வழி ஒன்றும் வேண்டாம்’ என்று
நாலு நாளாக என் கையெழுத்து.
கணைய அழற்சி.
சுன்னாகம் புவனேந்திரராசா, வயது அறுபத்தெட்டு,
தொலைபேசித் திணைக்களத்தில் கம்பி இழுத்தவர்.

ஆஸ்பத்திரி வீதியில் முதல் பஸ் உறுமும் நேரம்
என்னைக் கேட்கிறார்:
‘பிள்ளை, போத்தல்ல இறங்கிறதும் சீனிதானே?
பிறகேன் என்ர வயிறு அதைக் கணக்கில எடுக்குதில்லை?’

சிரித்துவிட்டேன். ஆனால் சரியான கேள்வி.
நாளத்தில் ஏற்றிய குளுக்கோசுக்கு
அறிமுகமில்லாத ஆளுக்குக் கொடுப்பதுபோல
அளந்துதான் இன்சுலின் தருகிறது கணையம்.
அதே சீனியை வாயால் குடித்திருந்தால்
இரண்டு மடங்கு, சிலவேளை மூன்று.
குடல் முன்கூட்டியே ஆளனுப்பிவிடும்:
வருகுது, கதவைத் திற.

‘நரம்பால சொல்லுமோ?’

நரம்பாலும்தான். ஆனால்
நூற்றிருபது வருசத்துக்கு முன்னர்
ஒரு நாயின் குடலில்
நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு
அமிலம் விட்டுப் பார்த்தார்கள்.
கணையம் சுரந்தது.
கம்பி இல்லை. செய்தி மட்டும்
இரத்தத்தில் ஏறிப் போயிருந்தது.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
சேலைன் சொட்டியது.
‘எங்கட கம்பியும் அறுந்துதான் கிடந்தது.
அப்பர் செத்ததை எழுதின கடிதம்
கிளாலியால வள்ளத்தில போய்
கொழும்பில தம்பியின்ர கையில சேரேக்க
இஞ்ச அந்தியேட்டியும் முடிஞ்சுது.’

நான் இரத்த அழுத்தம் பார்த்தேன்.
வேறென்ன செய்வது.

ஐந்தாம் நாள் கஞ்சி.
பால் விடாதது, உப்பு மட்டும்.
முதல் கரண்டி உள்ளே போகிறது.
இனி நடப்பது எனக்குத் தெரியும், தெரிவதில்லை:
இரைப்பையின் புளிப்பு முன்சிறுகுடலைத் தொட
செக்ரீற்றின் புறப்படும்,
கணையம் காரநீர் ஊற்றி அந்தப் புளிப்பை ஆற்றும்.
கொழுப்பைக் கண்டால் நொதியத்தை எழுப்புகிற மற்றவன்
இன்றைக்கு அரைத் தூக்கத்தில் கிடக்கட்டும்,
அவன் தட்டினால் இந்த வீடு தாங்காது.
குடலின் அடியிலிருந்து இன்னொரு ஓமோன்
இன்சுலினைக் கூப்பிடும், குளுக்ககனை அடக்கும்,
அதன் ஆயுள் இரண்டே நிமிடம்.
சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுக்
கரைந்துபோகும். அந்தியேட்டி இல்லை.

மூன்றாம் கரண்டியோடு நிறுத்தினார்.
தொப்புளுக்கு மேலே உள்ளங்கையை வைத்து
தலையைச் சற்றே சரித்தார்,
கம்பியைப் பொருத்திவிட்டு
ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு
மறுமுனை மூச்சுவிடும்வரை
காத்திருக்கிற ஆளைப்போல.

‘நோ இல்லை.’

மட்டையில் என் நாலு சொற்களில்
இரண்டை வெட்டினேன்: ‘ஒன்றும் வேண்டாம்.’
‘வாய்வழி’ இருக்கட்டும் என்று விட்டேன்.

‘அப்ப நாளைக்கு
கொஞ்சம் பால் விடலாமோ?’

இல்லை.