1047

டொமைனில் அவர் எஸ். இருளாண்டி.
லினக்ஸுக்குப் பெயர் ஒரு பொருட்டில்லை,
எண்தான் கேட்கும்.
1047 என்றேன்.
சரி என்றது.

போன ஆவணியில் மில்லை விட்டுப் போனார்.
கணக்கை அழித்தேன்.
கோப்புகள் அப்படியே.
உரிமையாளர் இடத்தில் பெயர் போய்
வெறும் 1047,
திருமங்கலம் பஸ்ஸில் இடம் போட்ட துண்டு
ஆள் இறங்கியும் கிடப்பதுபோல.

ஜெஸிந்தா சேர்ந்த அன்று
கப்பலூரில் மூன்று முறை கரண்ட் போனது.
சோம்பலில்
கண்ணில் பட்ட காலி எண்ணையே கொடுத்தேன்.

மறுநாள் கூப்பிட்டாள்:
"சார், ஒரு லெட்டர் கிடக்கு.
'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு'
அவ்வளவுதான், கீழே ஒண்ணுமில்ல.
பதினோரு தடவை சேவ் ஆகியிருக்கு.
நான் எழுதினதுன்னு காட்டுது.
அழிச்சிரவா?"

அவளால் முடியும்.
அனுமதி முழுக்க அவளுடையது.

இரும்மா என்றேன்.
மேப்பிங் கோப்பில் ஒரே வரி;
அவளை 2203 ஆக்கினேன்.
கடிதம் மறுபடி
யாருமில்லாத 1047-க்குப் போனது.

பிறகு என் போனில் தேடினேன்.
இருளாண்டி என்று யாருமில்லை.
கொஞ்சம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது:
உசிலம்பட்டியிலிருந்து ஒருமுறை
அரைக்கிலோ காரச்சேவு கொண்டுவந்தார்,
அன்றைக்குப் பதிந்த பெயர்
'சேவு அண்ணன்'.

ரிங் போகிறது.