மஞ்சள் ஏறவில்லை

குகை ரோட்டில் தோண்டிய இரும்புக் குழாயை
இரண்டாய் அறுத்துக் கொடுத்தார் ஃபிட்டர் செங்கோடன்.
ஒன்றில் குளோரின் ஓடவிட்டேன்.
மற்றதில் அம்மோனியா சேர்த்த குளோரமின்.
நாற்பது நாள்.

குளோரின் கோபக்காரன்.
வாசலில் நின்றவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டு
துருவோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோனான்.
வழவழப்புப் படலத்துக்கு அடியில்
குடும்பம் நடத்துபவை அவனைக் கண்டதேயில்லை.

குளோரமின் தவணைக்காரன்.
மெதுவாக நடந்து, கடைசி வீடுவரை போய்,
படலத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டான்.
ஆனால் அவன் சிந்திய அம்மோனியாவைத் தின்று
வேறொரு கூட்டம் பிழைத்தது.
அதை ஏழாம் பக்கத்தில் எழுதினேன்.
பொறியாளர் ஆறோடு மூடிவிட்டார்.

“எதுங்க மேடம் நல்லது?” என்றார் செங்கோடன்,
குழாயின் உள்வயிற்றை விரலால் வழித்து
பேன்ட்டில் துடைத்தபடி.
சொல்ல வாய் வரவில்லை.

இன்று கொண்டலாம்பட்டி, கடைக்கோடிக் குழாய்.
ஒன்பது நாள் கழித்து, விடிகாலை மூன்றரைக்குத் தண்ணீர்.
பாவாயி முதல் குடத்தை முகர்ந்து பார்த்தாள்:
“மருந்து வாடையே இல்ல.
இன்னிக்குத்தான் நல்ல தண்ணி.”

டார்ச் வெளிச்சத்தில்
சோதனைக் குழாயில் நாலு சொட்டு விட்டேன்.
குலுக்கினேன்.
மஞ்சள் ஏறவில்லை.
இன்னும் நாலு சொட்டு.

பின்னால் யாரோ குடத்தால் இடித்தார்கள்:
“நகருங்க, தண்ணி நின்னுரும்.”