அழுத்தப் பக்கம்

ஊர்ப் பெயரிலேயே கப்பல் இருக்கிறது.
யார் எந்தக் கப்பலைக் கண்டு வைத்தார்களோ,
கப்பலூர் சுங்கச்சாவடியில் வரிசைகட்டும் லாரிகளுக்குத் தெரியாது,
தொழிற்பேட்டை நாய்களுக்கும் தெரியாது.
கடல் இங்கிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.

எங்கள் பட்டறைக்குப் போர்க்கப்பல் வந்தது
மூன்றாக மடித்த ஒற்றைத் தாளில்.
பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் கறுப்புப் பட்டை.
எத்தனை நீளம், எத்தனை ஏவுகணை,
எவர்மேல் பாயும்,
எதுவும் எங்களுக்கில்லை.
எங்களுக்கு ஒரு கதவின் ஓரம் மட்டும்:
நீர்புகாக் கதவு, எழுபத்து நான்காம் சட்டம்,
சுற்றிவர நாலரை மீட்டர் ரப்பர்,
கடினம் ஷோர் ஐம்பது, கூட்டிக் குறைத்து ஐந்து.

ஷோர் என்றால் கரை என்றே
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.
அளவைக் கண்டுபிடித்தவர் பெயராம்.
இருந்தாலும் முள் ஐம்பதில் நிற்கும்போது
கரை சேர்ந்தது என்றுதான்
மனசுக்குள் குறித்துக்கொள்கிறேன்.

ஒச்சம்மா பிரஸ்ஸைத் திறந்தால்
நூற்று அறுபது டிகிரி முகத்தில் அறையும்.
ஆவிக்குள்ளிருந்து வளையத்தை உருவியபடி கேட்பாள்:
"யாரு கைக்குடி இம்புட்டுப் பெரிய வளவி?"

முதல் லாட் இருநூறு.
மூலை வளைவில் அரை மில்லி தூக்கல்.
நூற்று எழுபது திரும்பி வந்தது,
வெட்டிப் போடுங்கள் என்ற குறிப்போடு.
முதலாளி தெய்வேந்திரன் அன்றைக்குச்
சாப்பாட்டுப் பையைத் திறக்கவேயில்லை.
டை செய்தவனும் போனை எடுக்கவில்லை.

உப்பில் ஊறவைத்துப் பார்க்கச் சொன்னது தாள்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம், எழுபது மணி நேரம்.
விலைக்கு வாங்கிய லாரித் தண்ணீரில்
நீலப் பீப்பாய்க்குள் கடல் செய்தோம்.
இரவு ஷிஃப்டில் யாரோ அதை அள்ளி வாய் கொப்பளித்துவிட்டு
கடலைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள்.

கொச்சியிலிருந்து பரிசோதகர் பிஜு வந்தார்.
பாதித் தமிழ்.
மாதிரிக் கதவின் கத்தி விளிம்பு முழுக்கச்
சாக்பீஸ் தேய்த்தார்.
சாத்தினார். எட்டுக் கொக்கியையும் இறுக்கினார்.
திறந்தார்.
கறுப்பு ரப்பரில் வெள்ளைக் கோடு,
சுற்றிவர, எங்கேயும் அறாமல்.
"அறுந்தால் அங்கே வெள்ளம்."

மூன்று அறை நிறைந்தாலும் மிதக்கும்படிதான்
வரைந்திருக்கிறார்களாம்.
நான்காவது நிறைந்தால் கணக்கு வேறு.
கதவு அதற்குத்தான்.

தாளில் ஒரு சின்ன அம்பு,
அதனருகே 'அழுத்தப் பக்கம்'.
கேட்டேன்:
சாத்துகிற நேரம்
அந்தப் பக்கம் ஆள் இருந்தால்?

பிஜு விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸைப் பார்த்தார்.
பேன்ட்டில் துடைத்தார்.
"எண்ணிவிட்டுத்தான் சாத்தணும்."
பிறகு, கையெழுத்துப் போட்டுக்கொண்டே,
"எண்ண நேரம் இருந்தால்."

நூற்றுத் தொண்ணூற்று இரண்டு வளையங்களில்
என் முத்திரை இருக்கிறது: க்யூ.சி. நான்கு.
இரண்டு வருடம் கழித்துப் பேப்பரில் படம்.
சாம்பல் நிறத்தில் ஒன்று,
பூமாலை போட்டு நீரில் இறக்கியிருந்தார்கள்.
அதுதானா என்று சொல்ல ஆளில்லை.
கதவுகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன.
படம் பிடித்தவர் வெளியே நின்றிருக்கிறார்.

வெட்டிப் போட்ட ரப்பரில் ஒரு துண்டை
ஒச்சம்மா மடியில் கட்டிப் போயிருக்கிறாள்,
செக்கானூரணி வீட்டு வாசக் கதவின் அடியில்
ஆணி வைத்து அடித்திருக்கிறாள்.
போன ஐப்பசியில் கண்மாய் மறுகால் பாய்ந்து
தெருவே ஓடியது.

"ஒரு சொட்டு உள்ள வரலடி" என்றாள்,
பிரஸ்ஸின் கைப்பிடியை இறக்கிக்கொண்டே.
"அரை மில்லி தூக்கலா இருந்ததும் நல்லதுக்குத்தான்."

கொஞ்சம் பொறுத்து,
நான் கேட்காமலே:
"எண்ணிட்டுத்தான் சாத்துனேன்.
பூனையோட அஞ்சு."