ஓலைக்கு ஒன்று

நாளைக்குத் திருநீற்றுப் புதன்.
மூக்கையூரில் பள்ளிக்கூடம் விட்டதும்
ஓலைக்குப் போகிறோம், ஒன்பது பேர்.

போன வருஷக் குருத்தோலை
படத்துக்குப் பின்னால், நிலைக்கு மேலே,
ஒரு வீட்டில் மீட்டர் பெட்டியில் செருகி,
சிலுவையாய் மடித்தது, மடிக்காதது,
பல்லி முட்டையோடு ஒன்று.
எல்லாம் கோயிலுக்கு வரவேண்டும்.
எரித்தால்தான் நெற்றிக்குச் சாம்பல்.

கணக்கு எங்களுடையது:
ஓலைக்கு ஒரு இனிப்பு.
ஓலையைக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தால்
வாசலில் உட்கார்ந்துவிடுவாள் விண்ணரசி;
அவளை எழுப்ப அதிரசம் வேண்டும்.

சாயல்குடிக் கருப்பட்டி போட்ட பணியாரம்,
கீழக்கரை பஸ்ஸில் வந்த தொதல்,
கித்தேரியம்மா கடையில்
விற்காமல் இளகிப்போன தேன்மிட்டாய்.
"நாப்பது நாளைக்கு எவன் வாங்கப்போறான்,
கொண்டு தொலைங்க."

கோயில் மணி அடிக்குமுன் தின்றுவிட வேண்டும்.
அடித்தபின் ஈஸ்டர் வரைக்கும்
வாயில் சீனி படக்கூடாது.
பேஸ்ட் இனிக்கிறதென்று போன வருஷம்
பாவசங்கீர்த்தனம் செய்தவன் ரொசாரியோ.

மார்சலின் அக்கா வீட்டில்
ஓலை இருந்தது. கண்ணுக்கு நேரே,
மாதா படத்தின் வலது மூலையில்.
"அது வேண்டாம்" என்றது அக்கா.
"அவர் செருகிட்டுப் போனது."
அண்ணன் கொச்சிக்குத் தங்கலுக்குப் போய்
கிறிஸ்மஸுக்கும் வரவில்லை.

விண்ணரசி உட்காரவில்லை.
செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினோம்.
அக்கா ஓடிவந்து
கடைசியாய்ப் போன என் கையில்
ஒரு கடலை உருண்டையை வைத்தது.

இதை எந்தக் கணக்கில் எழுத?
தின்றால் தப்பு.
திருப்பிக் கொடுத்தால் அதைவிடத் தப்பு.

உபதேசியார் ஓலையைக் கொளுத்தினார்.
பல்லி முட்டையை நான் முன்பே எடுத்துவிட்டேன்.
எங்கள் பிசுபிசுத்த விரல் பட்ட ஓலையெல்லாம்
பாகு காய்ச்சுகிற வாசத்தோடு எரிந்தது.
மணி அடித்தது.
எட்டு வாய் அவசரமாய் மென்றது.
உருண்டை என் பையிலேயே இருந்தது.

காலையில்
நேற்றைய கவுனையே மாட்டிக்கொண்டு போனேன்.
சாமி கட்டைவிரலால் சிலுவை போட்டு
என்னை மண் என்றார்.
சாம்பலோடு வந்து
அக்கா பக்கத்தில் முட்டுக்குத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா
என் கவுனைப் பார்த்தது, தரையைப் பார்த்தது.
"திங்கலையா?"
உதடு மட்டும் அசைந்தது.

பீடத்தடியிலிருந்து கறுப்பாய் ஒரு கோடு
அக்காவின் கால்விரலைச் சுற்றிக்கொண்டு
என் பைக்கு வந்துகொண்டிருந்தது.
எறும்புகள் வரிசை தப்பவில்லை.
ஒன்றின் நெற்றியிலும் சாம்பல் இல்லை.